ஒற்றைச் சக்கரத் தடம்

செத்தவனின் புகைப்படங்களை ஒரே புரட்டாகப் புரட்டி இன்ஸ்பெக்டரிடம் திருப்பிக் கொடுத்த ஆக்னஸ், அவனைக் கொன்ற லாரியின் பின்சக்கரத்துக்கு எதிரே மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கோபிக்கு இது பழகிப்போன காட்சி. மனிதர்கள் பொய் சொல்வார்கள், வண்டிகளுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது என்பது ஆக்னஸின் கட்சி. நொறுங்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சோதித்தே பாதி ஆயுசைக் கழித்தவர் வேறு எப்படிப் பேசுவார்? அந்த வேலையை விட்டபிறகு வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். கோபி அங்கே உதவியாளன். போலீஸ் தேர்வில் உயரம் போதாமல் திரும்பி வந்தவன். அந்தக் குறையை நாக்கின் நீளத்தால் சரிக்கட்டிக்கொண்டிருந்தான்.

லாரி ஸ்டேஷன் வளாகத்து வேப்பமரத்தடியில் நின்றது. ராணுவம் கழித்துவிட்ட பழைய வண்டி. ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் கம்பெனி ஒன்று அதை ஏலத்தில் எடுத்து, ஒடுகத்தூருக்கு மேலே மலையிலிருந்து கடுக்காய் மூட்டை இறக்குவதற்கு வைத்திருந்தது. தோல் பதமாகக் கடுக்காய் வேண்டும், கடுக்காய் வேண்டுமென்றால் ஓடையையும் பாறையையும் சேற்றையும் தாண்டி ஏறவேண்டும். முன்சக்கரங்களுக்குச் சுழற்சி கொண்டுபோகும் பாகங்களை டீசல் மிச்சம் என்று யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்கள். பாரம் முழுக்கப் பின்சக்கரங்கள் தலையில். அதனால்தான் போன மாதம் பழைய பின் ஆக்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கனமான புது ஆக்சிலும் டிஃபரன்ஷியலும் ஏற்றினார்கள். ஏற்றியவன் ஷாஜின், ஆம்பூர் பைபாஸில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். இப்போது அவன் ஜெயிலில் இருந்தான்.

இன்ஸ்பெக்டர் குர்ஷித் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். டிரைவர் வேலு மலைப்பாதையில் லாரியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். இடது பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொடுக்கும் இரும்புத் தண்டு, அதாவது ஆக்சில் ஷாஃப்ட், போல்ட்டு இறுக்காததால் கழன்று போயிருக்கிறது. வண்டி நின்றுவிட, என்னவென்று பார்க்க அவன் பின்னால் போக, லாரி பின்னோக்கி உருண்டு அவனைப் பாறையோடு வைத்து நசுக்கிவிட்டது. இதற்குச் சில நாள் முன்னால்தான் டீக்கடையில் வேலு ஷாஜினின் சட்டையைப் பிடித்து, "என் வண்டியில இன்னா வேல செஞ்சு வெச்ச?" என்று கத்தியிருக்கிறான். ஷாஜினும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாளைக்கு நீ அனுபவிப்பாய் என்று நாலு பேர் காதில் விழச் சொல்லித் தொலைத்திருக்கிறான். அந்த ஒரு வாக்கியம் அஜாக்கிரதையைக் கொலையாக்கிவிட்டது.

ஷாஜினின் மனைவி ஹெலன் காம்பவுண்டு சுவரோரம் நின்றிருந்தாள். வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தாள். முதல்நாள் ஆபீசுக்கு வந்தபோது அவள் அழவில்லை. தன் புருஷன் அப்படிச் செய்திருப்பானோ என்று ஒரு நிமிஷம் தனக்கே தோன்றிவிட்டது, அந்த நிமிஷத்தோடு இனிமேல் குடும்பம் நடத்த முடியாது, உண்மை எதுவானாலும் தெரியவேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஜாமீன் மனு மறுநாள் விசாரணைக்கு வருகிறது. கொலை வழக்கில் அது நிற்காது என்று வக்கீல் முன்கூட்டியே கையை விரித்துவிட்டார்.

"இது இன்னா?" என்றார் ஆக்னஸ்.

ஷாஃப்ட் இருக்கவேண்டிய இடத்தில், சக்கரத்தின் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு கறுப்புத் துண்டு இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருந்தது. ஏதோ வாஷர் என்றார் குர்ஷித். ஆக்னஸ் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தோல். எண்ணெயில் ஊறி ஊறிக் கறுத்த தோல்.

கோபி எட்டிப் பார்த்தான். "ஷாஃப்ட்டு தானா கழண்டு விழுந்துச்சு, சரி. போறப்ப ஓட்டைய மூடி, போல்ட்டும் போட்டுட்டா போச்சு? நம்ம வீட்ல ஃபேனை நிறுத்திட்டுப் போகச் சொன்னாலே யாரும் கேக்கறதில்ல மேடம்."

குர்ஷித் சிரிக்கவில்லை. ஆனால் துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் இரட்டைத் தையல் ஓடியிருந்தது. நெருக்கமாக, நூல் பிடித்தாற்போல. போல்ட்டுக்கான துளைகள் அச்சு வைத்துக் குத்தியவை. ஷூவின் மேல்தோல் தைப்பவர்கள் போடுகிற தையல் அது, ஆம்பூரில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெய் கசியாமலும் மண் புகாமலும் இருக்க அளவெடுத்துச் செய்த மூடி. ஒரு தடவைக்காக யாரும் இத்தனை மெனக்கெட மாட்டார்கள்.

செத்தவனின் மனைவி எங்கே வேலை செய்கிறாள் என்று ஆக்னஸ் கேட்டார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் என்றார் குர்ஷித். சொல்லிவிட்டு அவரே அந்தத் தையலை இன்னொரு தடவை பார்த்தார்.

அமிர்தவள்ளியின் வீடு ஒடுகத்தூர் தாண்டி வேர்க்கடலைக் காடுகளுக்கு நடுவே இருந்தது. கூடத்தில் வேலுவின் படத்துக்குப் போட்ட மாலை வாடியிருந்தது. துக்கம் விசாரிக்க வருபவர்களுக்கென்று போட்ட நாற்காலிகள் இன்னும் அப்படியே கிடந்தன. நாற்பது வயதுகூட ஆகாத பெண், ஆனால் அழுது முடித்து அதற்கப்புறமும் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆக்னஸ் ஆறுதல் வார்த்தை எதுவும் பேசாமல் தோல் மூடியை அவள் முன்னால் தரையில் வைத்தார்.

அமிர்தவள்ளி அதை எடுத்தாள். கட்டைவிரலால் தையலை ஒரு முறை வருடிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கட்டிலுக்கடியில் குனிந்து, பழைய புடவையில் சுற்றிய நீளமான ஒன்றை இரண்டு கையாலும் இழுத்தாள். கோபி ஓடிப்போய்த் தூக்கினான். அவன் நினைத்ததைவிடக் கனம் ஜாஸ்தி. புடவையைப் பிரித்தால் கைநீளத்துக்கு மேலான இரும்புத் தண்டு, ஒரு நுனியில் துளைகள் போட்ட வட்டத் தட்டு. போல்ட்டுகளைத் தலைப்பு நுனியில் முடிந்து வைத்திருந்தாள்.

அவள் சொன்னது இது. மலையில் சந்தனமரம் வெட்டுகிறவர்கள் அடிவாரத்தில் நிற்கிற வண்டிகளை ராத்திரியில் திருட்டுத்தனமாக எடுத்துப் பாரம் ஏற்றிவிட்டு, விடிவதற்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். ஒரு தடவை வேலுவின் லாரியிலும் அது நடந்தது. அன்றிலிருந்து சாயங்காலம் ஓடைக்கரையில் லாரியை நிறுத்தியதும், சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, இடது பக்க ஷாஃப்ட்டை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். ஜாக்கிகூட வேண்டாம், தட்டின் போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஒரு ஷாஃப்ட் இல்லாவிட்டால் சாவி இருந்தாலும் வண்டி நகராது. புது ஆக்சில் ஏறியபிறகும் பழக்கத்தை விடவில்லை. புது அளவுக்கு அவள் புது மூடி தைத்துக் கொடுத்தாள்.

"போலீஸ்ல ஏம்மா சொல்லல?" என்றார் ஆக்னஸ்.

"அவரே கழட்டி வெச்சாருன்னு தெரிஞ்சா, செத்தவரு மேலயே பழியப் போட்டுருவாங்கன்னு..."

"யாரு சொன்னாங்க அப்படி?"

வாசலில் பைக் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவன் பிரேம்நாத், அவளுடைய தம்பி. அதே தோல் கம்பெனியில் வண்டிகளை அனுப்பிப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். வேலுவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவன், இப்போது இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தரையில் கிடந்த ஷாஃப்ட்டைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மாமாவே கழட்டிக் கொண்டாந்துட்டாரா? அப்ப இது ஆக்சிடென்ட்டுதான் மேடம். அந்த ஷாஜின் பாவம். சும்மா உள்ள கெடக்கறான். நானே வந்து ஸ்டேஷன்ல சொல்றேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைப்பதற்கு அதில் நிஜமாகவே ஈரம் இருந்தது, கோபி கவனித்தான்.

புது ஆக்சிலைப் பற்றி ஆக்னஸ் கேட்டார். முதலாளி மாற்றச் சொன்னார், வண்டியைக் கொண்டுபோய் விட்டேன், வேலை முடிந்ததும் எடுத்து வந்தேன், இரும்புக்குள் என்ன வைத்தான் என்று எனக்கென்ன தெரியும் என்றான் அவன். நியாயமான பதில்தான். டீ சாப்பிட்டுப் போங்கள் என்று வற்புறுத்தவும் செய்தான்.

காரில் ஏறியதும் கோபி ஸ்டீயரிங்கைத் தட்டித் தாளம் போட்டான். கேஸ் முடிந்தது, ஷாஃப்ட்டை உருவியவன் வேலு, ஷாஜினுக்கும் போல்ட்டுக்கும் சம்பந்தமில்லை, ஹெலனுக்கு போன் போடலாமா என்று கேட்டான்.

"வேணாம்" என்றார் ஆக்னஸ். "ஓடைக்கு விடு."

ஓடைக்கரையில் லாரி வழக்கமாக நிற்கும் இடத்தில் எண்ணெய்ச் சொட்டுகளின் பழைய கறை இருந்தது. சக்கரத்துக்கு வைக்கிற இரண்டு மரக்கட்டைகளும் அங்கேயே கிடந்தன. அங்கிருந்து பாதை ஓடைச்சேற்றைத் தாண்டி மேலே ஏறியது. வேலு செத்துக்கிடந்த வளைவு அந்த ஏற்றத்தின் உச்சியில், பார்க்கவே மூச்சு வாங்கும் உயரத்தில் இருந்தது.

"சாயங்காலம் வண்டிய இங்க நிறுத்தி, ஷாஃப்ட்ட உருவி, வீட்ல கொண்டுபோயி வெச்சிட்டான்" என்றார் ஆக்னஸ். "காலைல வண்டி அங்க நின்னுச்சு. தானா உருண்டிருந்தா கீழதான் வரணும். மேல் பாத்தா உருளும்?"

கோபி ஏற்றத்தை நிமிர்ந்து பார்த்தான்.

சேறு காய்ந்து இறுகிப்போயிருந்தது. அதில் லாரியின் தடங்கள் அச்சாகப் பதிந்து கிடந்தன. இடது சக்கரம் போன தடம் அமைதியாக, மாவில் உருட்டிய கட்டை மாதிரி அழுந்தியிருந்தது. வலது சக்கரம் போன தடம் அப்படியில்லை. முழங்கால் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, பின்பக்கமாக வாரி இறைத்திருந்தது. ஒரே ஒரு சக்கரம் மட்டும் உழைத்து, அத்தனை பெரிய வண்டியை மேலே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

ஆக்னஸ் பொறுமையாக விளக்கினார். இன்ஜினின் சுழற்சி பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு வருகிறது. அது இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கிறது. எந்தப் பக்கம் சுலபமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஒரு ஷாஃப்ட்டை உருவிவிட்டால் அந்த வெற்றுப் பக்கம் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அடுத்த சக்கரம் அசையாது. வேலு நம்பியது அதைத்தான். ஆனால் மலைக்கென்று ஏற்றும் புது டிஃபரன்ஷியலில் லாக்கர் என்று ஒன்று வைப்பார்கள். ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் ஸ்விட்சைத் தட்டி இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடலாம். பூட்டியபிறகு ஒரு ஷாஃப்ட் இருந்தாலே போதும், வண்டி கிளம்பிவிடும். அப்படி ஒன்று இருப்பதே வேலுவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஷாஃப்ட்டை இத்தனை நாள் வீணாகச் சுமந்திருக்க மாட்டான். காலையில் வந்து பார்த்தால் வண்டியில் புதுச்சேறு ஒட்டியிருக்கும். நகர முடியாத வண்டி எப்படி நகர்ந்தது? அதனால்தான் டீக்கடையில் ஷாஜினின் சட்டையைப் பிடித்தான்.

"அப்ப லாக்கர் இருக்குதுன்னு தெரிஞ்சவன்தான் ராத்திரியில வண்டிய எடுத்தவன்" என்றான் கோபி. பாதியிலேயே அவன் குரல் இறங்கிவிட்டது. "அதப் பொருத்தினவனுக்குத் தெரியாம இருக்குமா?"

"அதான். இந்த ஷாஃப்ட்டு ஷாஜினக் காப்பாத்தலடா. போல்ட்டு இறுக்காதவன்னு உள்ள இருந்தான். இப்ப திருட்டு வண்டி ஓட்டி, பாத்தவன நசுக்கினவன்னு ஆயிட்டான்."

ஹெலனுக்கு போன் போடவேண்டிய வேலை அப்போதுதான் வந்தது, கோபி நினைத்த விஷயத்துக்காக இல்லை. ஜெயிலில் கணவனைப் பார்க்க அன்று மதியம் அவளுக்கு அனுமதி இருந்தது. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு வரும்படி ஆக்னஸ் சொன்னார்: லாக்கரை யார் கேட்டு வைத்தாய், ஸ்விட்ச் எங்கே?

பதில் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. வண்டியைக் கொண்டுவந்த பிரேம்நாத்தான் கேட்டான். டாஷ்போர்டில் வைத்தால் கண்டவனும் கை வைத்துக் கெடுத்துவிடுவான், டிரைவர் சீட்டுக்கு அடியில் பின்பக்கமாக வை, மாமாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றானாம். ஷாஜின் இதைப் போலீசிடமும் சொல்லியிருக்கிறான். அவர்களுக்கு வண்டிக்கு அடியில் இருக்கிற இரும்பெல்லாம் ஒரே இரும்பு. ஆக்சில் மாற்றினான் என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

"போதுமா மேடம்?" என்று கேட்டாள் ஹெலன்.

போதாது என்று ஆக்னஸ் உள்ளதைச் சொல்லிவிட்டார். ஜெயிலில் இருப்பவனின் வாய்வார்த்தை. பிரேம்நாத் தெரியவே தெரியாது என்று முன்னாலேயே சொல்லிவைத்துவிட்டான். போனை வைத்தபிறகு கோபி பக்கம் திரும்பி, வாய் சொல்வதைத்தான் மாற்றிச் சொல்லலாம், லாரி ஓட்டிய கைக்கு அந்த வித்தை தெரியாது என்றார். அப்புறம் குர்ஷித்துக்கு ஒரு போன் போட்டார். அது கொஞ்சம் நீளமான போன்.

மறுநாள் காலை ஸ்டேஷன் வளாகத்தில் கோபி லாரிக்கு அடியில் கிடந்தான். ஷாஃப்ட்டை அதன் இடத்தில் செருகி ஒவ்வொரு போல்ட்டாக இறுக்குவதற்குள் உடம்பிலிருந்த எண்ணெய் வெளியே வந்துவிட்டது, வண்டியிலிருந்த எண்ணெய் அவன் சட்டைக்கு வந்துவிட்டது. போலீசில் சேர்ந்திருந்தால் இந்நேரம் யாரையாவது இறுக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம் என்று முனகினான். ஆக்னஸ் டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். கண்ணால் பார்க்க முடியாத இடம். தட்டுப்பட்டதும் ஒரு சின்ன சத்தம் கேட்டது. லாக்கர் பூட்டிய நிலையில் ஸ்விட்சை விட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

பிரேம்நாத் சரியான நேரத்துக்கு வந்தான். ஷாஃப்ட்டை அடையாளம் காட்டுவதற்காக அமிர்தவள்ளியையும் வரச்சொல்லியிருந்தார்கள், அவன்தான் பைக்கில் அழைத்துவந்தான். ஹெலன் நேற்று நின்ற அதே சுவரோரத்தில் நின்றாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இது விபத்து என்று முடிவாகிவிட்டதாகவும், கம்பெனி சார்பில் அவன் வண்டியை எடுத்துப் போகலாம் என்றும் குர்ஷித் சொன்னார். அவன் முகத்தில் நிம்மதி வந்ததைக் கோபி பார்த்தான். முதலாளியிடம் தானும் ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று சொல்லி குர்ஷித் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கோபி நடுவில் ஒடுங்கினான். ஒடுங்குவதற்கு அவன் உயரம் வசதியாக இருந்தது.

வளாகத்தின் தரை சிமெண்ட். கேட் குறுகல். மரத்தடியிலிருந்து லாரியை ஒரே வளைப்பில் ஒடித்துத் திருப்பினால்தான் வெளியேற முடியும். பிரேம்நாத் கியரைப் போட்டு ஸ்டீயரிங்கைச் சுற்றினான். லாரி திரும்ப மறுத்தது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவேன் என்று அடம்பிடித்து, தரையைத் தேய்த்துக் கிறீச்சிட்டன. வண்டி மூக்கை நேராக நீட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கப் போனது. விஷயம் தெரியாத எவனும் அந்த இடத்தில் பிரேக் அடித்து இறங்கி, பின்னால் போய்ப் பார்த்திருப்பான்.

பிரேம்நாத் இறங்கவில்லை. கண் கேட்டின் மேலேயே இருந்தது. வலது கை மட்டும் ஸ்டீயரிங்கை விட்டு நழுவி, சீட்டுக்கு அடியில் பின்பக்கமாகப் போய், துழாவாமல், தேடாமல், நேராக அந்த இடத்தைத் தொட்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. சக்கரங்களின் கத்தல் நின்றது. லாரி சாதுவாகத் திரும்பியது. கை செய்த காரியம் அவனுக்கே தெரியவில்லை என்று கோபி அப்புறம் எத்தனையோ பேரிடம் சத்தியம் செய்து சொன்னான்.

"இன்னா பிரேம்நாத் அழுத்துன?" என்றார் குர்ஷித்.

அவன் இன்ஜினை அணைத்தான். சீட்டைச் சரிசெய்தேன் என்றான். எங்கே இன்னொரு தடவை சரிசெய் பார்க்கலாம் என்றார் குர்ஷித். அவன் கையை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கீழே இறங்கியபோது சமாளித்துக்கொண்டுவிட்டான். அவன் முட்டாள் இல்லை. ஆமாம், லாக்கர் வைக்கச் சொன்னேன், கம்பெனி வண்டி, கம்பெனி வேலை, பயந்துபோய்த் தெரியாதென்று சொன்னேன் என்றான். அப்புறம் ஆக்னஸைப் பார்த்தே கேட்டான்: "லாக்கர் தெரிஞ்சா கொலகாரனா மேடம்? மாமா ஷாஃப்ட்ட உருவி வெக்கறாரு, அன்னிக்கு ராத்திரி மலைக்குப் போறாருன்னு எனக்கு யாரு சொன்னா?"

அதை எந்தச் சக்கரத் தடமும் சொல்லாது. இத்தனை தூரம் வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் லாரி மாதிரியே எல்லாம் நின்றுவிட்டது. சுவரோரம் ஹெலன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் சொன்னேன்" என்றாள் அமிர்தவள்ளி.

"அக்கா, நீ சும்மா இரு."

அவள் அவனைப் பார்க்காமல் குர்ஷித்திடமே பேசினாள். "ஷாஃப்ட்டு எங்க இருக்குதுன்னு இவனுக்கு எப்பவோ சொன்னேன், வீட்டுப் பேச்சா. அத வெளிய சொல்லாதன்னு அவரு செத்தப்புறம் எனக்குச் சொன்னவனும் இவன்தான். அன்னிக்கு ராத்திரி, வண்டிய எவன் எடுக்கறான்னு பாக்கறேன்னு அவரு கெளம்பிட்டாரு. தனியாப் போறாரேன்னு எனக்கு பயம். இவனுக்கு போன் பண்ணி, மாமாவுக்குத் தொணையாப் போடான்னு சொன்னேன். போறேன்க்கான்னான்."

அந்த போன் வந்தபோது அவன் லாரிக்குள்தான் உட்கார்ந்திருந்தான் என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பிரேம்நாத்தின் இஸ்திரிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அக்காவைப் பார்த்தான், சுற்றி நின்ற மற்ற யாரையும் பார்க்கவில்லை.

"ஒன்னப் பாத்தாராடா?" என்று கேட்டாள்.

"பாத்தாருக்கா." "பின்னாடியே ஏறி வந்து டார்ச்ச மூஞ்சில அடிச்சாரு. நான்தான்னு தெரிஞ்சதும் அணைச்சிட்டாரு."

மேலே சந்தனமரத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்கள் கண்ணில் தன் மச்சான் முகம் படக்கூடாது என்று அணைத்திருக்கிறான் வேலு. அதற்கப்புறம் இறங்குடா என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏற்றத்தில் நிற்கிற வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் வைக்கப் பின்னால் போனான். இறங்கினால் எல்லாம் போய்விடும் என்று பயந்து பிரேம்நாத் பிரேக்கை விட்டான். அதை அவன் சொல்லும்போது கோபிக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. துப்பறிவதில் சந்தோஷம் என்று அதுவரை அவன் நினைத்துக்கொண்டிருந்தது எதுவும் அந்த வளாகத்தில் இல்லை.

குர்ஷித் அங்கிருந்தே அரசு வக்கீலுக்கு போன் செய்து, ஷாஜினின் ஜாமீனுக்கு ஸ்டேஷன் தரப்பில் ஆட்சேபணை இல்லை என்று சொன்னார். அது காதில் விழுந்தும் ஹெலன் அசையவில்லை. பிறகு நடந்து வந்து அமிர்தவள்ளிக்குப் பக்கத்தில், நன்றி என்ற வார்த்தையை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

"போங்கம்மா. போயி வீட்டுக்காரரக் கூட்டினு வாங்க" என்றாள் அமிர்தவள்ளி.

உள்ளே வாக்குமூலம் எழுத ரைட்டர் காகிதத்தை எடுத்து வைத்திருந்தார். அவள் கேட்காமலே எதிரே போய் நின்றாள். பெயர், ஊர், வேலை எல்லாம் கேட்டு எழுதினார். இறந்தவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்றார். சம்சாரம் என்றாள். அடுத்த வரிக்குப் பேனாவை நகர்த்திவிட்டு, தலையை நிமிர்த்தாமலே, அக்யூஸ்டுக்கு என்று கேட்டார்.

"கூடப் பொறந்தவ" என்றாள். "தூக்கி வளத்தவ. அதையும் எழுதிக்கோங்க."